படம் கெட்டுப்போச்சு என்று இரண்டாம் தடவை மலை ஏறினேன்

சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை நிற்கும். அந்த எழுபதையும் ஹெல்மெட்டில் ஒட்டிய ஆக்‌ஷன் கேமராவில் ஒரே ஓட்டமாகப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கும் சித்தப்பா பையனுக்கும் ரொம்ப நாள் ஆசை. ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். பாதி மலைக்கு மேல் மூடுபனி. முப்பதாவது வளைவுக்குப் பிறகு முன்னால் போகிற தம்பியின் பின்விளக்கு மட்டும் சிவப்புப் பொட்டு மாதிரி தெரிந்தது. செம்மேட்டில் டீ குடிக்கும்போதே, இன்றைக்குக் கிடைத்த படம் இனி கிடைக்காது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

ராத்திரி வீட்டுக்கு வந்து கார்டை லேப்டாப்பில் சொருகி, கோப்புகளை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் இழுத்துப் போட்டு ஸ்பேஸ்பாரைத் தட்டினேன். ஒரு நொடி ஓடியது. நின்றது. சத்தம் மட்டும் போய்க்கொண்டிருக்க, படம் நாலு அடி தாவி இன்னொரு வளைவில் முளைத்தது. திரும்ப நின்றது. நொண்டி விளையாடுகிற பிள்ளை மாதிரி தத்தித் தத்தி 70 வளைவுகள்.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் கேமரா மேல். குளிரில் ஏதோ ஆகிவிட்டது, பதியும்போதே ஃப்ரேம்கள் எனும் தனித்தனிப் படங்களைத் தவறவிட்டுவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். இரண்டாவது சந்தேகம் மெமரி கார்டு மேல். லேப்டாப் மேல் சந்தேகம் வரவில்லை. அதில்தான் தினமும் யூடியூபில் 4கே வீடியோ பார்க்கிறேனே!

அடுத்த ஞாயிறு தனியாகத் திரும்ப மலை ஏறினேன். இந்த முறை கேமராவை 1080க்கும் நொடிக்கு 30 ஃப்ரேமுக்கும் இறக்கி வைத்தேன். பனி இல்லை. பளிச்சென்று வெயில், முன்னால் ஒரு சிமென்ட் லாரி, பின்னால் ஹாரன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

அப்புறம் பணத்தைக் கொட்டும் கட்டம். லேப்டாப்பில் இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். 4கே கோப்பு பெரிசு, டிஸ்க் மெதுவு, அதனால்தான் திணறுகிறது என்று நானே கணக்குப் போட்டு, வெளியே செருகுகிற வேகமான டிஸ்க், எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். முதல் பயணத்தின் கோப்புகளை அதில் ஏற்றி, நம்பிக்கையோடு ஸ்பேஸ்பாரைத் தட்டினேன். அதே நொண்டி.

வாங்குவதற்கு முன்பே ஒரு பேனாவும் தாளும் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். என் கேமரா 4கே 60இல் நொடிக்குச் சுமார் 100 மெகாபிட் எழுதுகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது 12.5 மெகாபைட். பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கூட நொடிக்கு 80, 100 மெகாபைட் படித்துத் தள்ளிவிடும். டிஸ்க் தேமே என்று உட்கார்ந்திருக்க, திணறியது வேறு எதுவோ. மெமரி கார்டுக்கும் இதே கணக்குதான். வி30 என்று அச்சிட்ட கார்டு நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும். தேவை அதில் பாதிக்கும் கீழே.

எங்கள் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ அண்ணன் ஒருவர் இருக்கிறார். எஸ்எஸ்டியையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் எடிட்டிங் மென்பொருளைத் திறக்கவே இல்லை. கோப்பை நேராக விஎல்சி பிளேயரில் இரட்டைச் சொடுக்குப் போட்டார். மூடுபனிக்குள் சிவப்புப் பொட்டு, துளி இடறல் இல்லாமல், வளைந்து வளைந்து போனது.

“படம் நல்லாத்தான தம்பி இருக்குது? எதுக்கு மறுபடி மலைக்குப் போனீங்க?”

எனக்குப் பேச்சு வரவில்லை. நல்லவேளை, அந்த முதல் பயணத்தை அழிக்காமல் வைத்திருந்தேன். கார்டில் இடம் வேண்டும் என்று ஒரு கட்டத்தில் கை டெலிட் பொத்தான் வரை போய் வந்தது.

அடுத்ததாக அவர் செய்ததைத்தான் இப்போது யார் கேட்டாலும் முதலில் செய்யச் சொல்கிறேன். எடிட்டிங் மென்பொருளில் படத்தை ஓடவிட்டுவிட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போனார். லேப்டாப்பின் மூளையான சிபியூ 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. டிஸ்க் சும்மா இருந்தது. கிராபிக்ஸைக் கவனிக்கும் ஜிபியூவைச் சொடுக்கினால் அதற்குள் வீடியோ டிகோட், அதாவது சுருக்கிய படத்தைப் பிரித்தெடுப்பது, என்று தனியாக ஒரு வரைபடம் இருக்கும். அது பூஜ்ஜியத்தில் தட்டையாகக் கிடந்தது. இப்போது விஎல்சியை ஓடவிட்டார். சிபியூ படுத்துவிட்டது, வீடியோ டிகோட் எழுந்து நின்றது. “பாத்தீங்களா? வேலைக்கு ஆள் இருக்குது. இந்த சாஃப்ட்வேர் அவனக் கூப்புடல. எல்லாத்தையும் ஒருத்தன் தலையிலயே கட்டியிருக்குது.”

என்ன வேலை அது? 4கே படத்தில் 3840க்கு 2160 என்று ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் கிட்டத்தட்ட 50 கோடி பிக்சல். 1080 படம் 30 ஃப்ரேமில் இதில் எட்டில் ஒரு பங்குதான், 6 கோடிச் சில்லறை. அதனால்தான் என் வெயில் வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது.

அளவைவிட, எழுதியிருக்கும் விதம்தான் பெரிய தொல்லை. அண்ணாச்சி கடைப் பற்று நோட்டைப் பார்த்திருப்பீர்கள். மாத முதலில் பழைய பாக்கி என்று ஒரு முழுத் தொகை. அதற்குக் கீழே ஒவ்வொரு நாளும் வாங்கியதும் கொடுத்ததும் மட்டும். 23ஆம் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால் அண்ணாச்சி மேலேயிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். வீடியோவைச் சுருக்கி எழுதும் முறைகளான எச்.264, எச்.265 இரண்டும் இப்படித்தான் எழுதுகின்றன. எப்போதாவது ஒரு முழு ஃப்ரேம், அதற்குப் பிறகு வருவதெல்லாம் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். சில ஃப்ரேம்கள் முன்னால் வந்ததோடு நில்லாமல் பின்னால் வரப்போவதையும் பார்த்து எழுதப்பட்டவை. எச்.264 வந்தது 2003இல், எச்.265 வந்தது 2013இல். பின்னது அதே தரத்தைக் கிட்டத்தட்ட பாதி இடத்தில் அடக்கிவிடும், பிரித்தெடுப்பது அந்த அளவுக்குக் கஷ்டம்.

பிளேயருக்கு இதில் சிரமம் இல்லை. அது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகிறது. எடிட்டிங்கில் நாம் என்ன செய்கிறோம்? நடுவில் குதிக்கிறோம், பின்னோக்கி இழுக்கிறோம், இரண்டு நொடிக்கு ஒரு வெட்டு வைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் பின்னால் போய் முழு ஃப்ரேமைத் தேடிப் பிடித்து அங்கிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஆக்‌ஷன் கேமராவில் இன்னொன்றும் உண்டு. முக்காலி மேல் நின்று பேசுகிற ஆளை எடுத்தால் பின்சுவர் மாறாது, குறிப்பு சின்னதாக இருக்கும். ஹெல்மெட்டில் எடுத்தால் மரம், ரோடு, வானம் என்று ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எல்லாமே மாறுகிறது. நோட்டில் வரி நிரம்பி வழியும்.

முதல் மருந்து, சும்மா நின்ற ஆளைக் கூப்பிடுவது. என் லேப்டாப்பில் இருப்பது 8ஆம் தலைமுறை இன்டெல் சிப். 6ஆம் தலைமுறையிலிருந்தே எச்.265 பிரிப்பதற்கென்று சிப்புக்குள் தனி இடம் உண்டு. 7ஆம் தலைமுறையிலிருந்து, நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் படத்தையும் அது பார்த்துக்கொள்ளும். என்னுடையதில் கிராபிக்ஸை இயக்கும் டிரைவர் மென்பொருள் வாங்கிய நாளிலிருந்து புதுப்பிக்கப்படவே இல்லை. சிப் கம்பெனியின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போட்ட பிறகுதான், மென்பொருளின் அமைப்பில் வன்பொருள் டிகோடிங் என்ற கட்டமே டிக் செய்யக் கிடைத்தது. பிரீமியர் புரோ வைத்திருப்பவர்கள் பிரிஃபரன்ஸில் மீடியா பக்கத்தைப் பார்க்கலாம்.

இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நேராக ஓடவிட்டால் ஓடியது. வெட்டு வைத்த இடங்களிலும் பின்னோக்கி இழுக்கும்போதும் மட்டும் இன்னும் திக்கியது. பிரிவியூ தரத்தைப் பாதி, கால் என்று குறைத்துப் பார்த்தேன். பெரிதாக மாறவில்லை. காரணம் நோட்டு விஷயம்தான்: கால் அளவில் காட்டினாலும் முதலில் முழு ஃப்ரேமையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். கலர், டைட்டில், எஃபெக்ட் என்று அடுக்கி வைத்த டைம்லைனில் இந்தக் குறைப்பு நன்றாகவே உதவும். வெறும் ஃபுட்டேஜே திணறுகிற இடத்தில் இதை நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்தது ப்ராக்ஸி. கல்யாண வீடியோக்காரர்களுக்கு இது பல் தேய்க்கிற மாதிரி அன்றாட வேலை. ஒரிஜினலுக்குப் பதில் லேசான ஒரு நகலை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒரிஜினலுக்கு மாறிக்கொள்வது. பிரீமியர், டாவின்சி ரிசால்வ், இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட், கேடென்லைவ் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது.

“கேமராவே சின்ன நகல் ஒண்ணு எழுதி வெக்குது, கார்டுல பாருங்க” என்று அண்ணன் போகிற போக்கில் சொன்னதை நான் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்து ஒரு கூத்து அடித்தேன். உண்மைதான். கோப்ரோ கேமராவின் கார்டைத் திறந்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் எல்ஆர்வி என்று முடிகிற கோப்பு ஒன்று இருக்கும். போனில் பார்ப்பதற்காகக் கேமரா தானே எழுதிக்கொள்வது. டிஜேஐ ஆக்‌ஷன் கேமராக்களில் அது எல்ஆர்எஃப். கடைசி எழுத்துகளை எம்பி4 என்று மாற்றினால் சாதாரண வீடியோவாகத் திறக்கும். நானும் மாற்றி, டைம்லைனில் போட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து அழகாக வெட்டி, பாட்டெல்லாம் போட்டு எக்ஸ்போர்ட் செய்து டிவியில் போட்டேன். எண்ணெய்த் தாள் வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. ப்ராக்ஸியை ப்ராக்ஸி என்று மென்பொருளுக்குச் சொல்லாமல், அதையே ஒரிஜினலாகக் கொடுத்துவிட்டேன். பிக்சல் கணக்கில் உண்மைப் படத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நகல் அது.

திரும்ப ஒரிஜினலோடு இணைக்கலாம் என்றால் பெயர் பொருந்தவில்லை. கோப்ரோவில் எச்.265 கோப்பு ஜிஎக்ஸ் என்று தொடங்கும், எச்.264 என்றால் ஜிஎச், சின்ன நகல் ஜிஎல். நாற்பது கிளிப்பையும் ஒவ்வொன்றாகக் கையால் இணைத்தேன். போதாக்குறைக்கு, நீளமான பதிவைக் கேமரா துண்டு துண்டாக வெட்டி எழுதும்போது துண்டின் எண்ணை முன்னாலும் பதிவின் எண்ணைப் பின்னாலும் வைக்கிறது. பெயர் வரிசையில் அடுக்கினால் எல்லாப் பதிவின் முதல் துண்டுகளும் முதலில் வந்து நிற்கும். என் முதல் பதிப்பில் 12ஆவது வளைவுக்கு அடுத்து 51ஆவது வளைவு வந்தது இதனால்தான். எடுத்த நேரத்தை வைத்து அடுக்குங்கள், இந்தத் தலைவலி இல்லை.

பிறகு ஒழுங்காக மென்பொருளையே ப்ராக்ஸி உண்டாக்கச் சொன்னேன். எந்த வடிவத்தில் என்று கேட்கும். அங்கே திரும்ப எச்.264ஐத் தேர்ந்தெடுத்தால் கோப்பு சின்னதாக இருக்கும், ஆனால் அதே பற்று நோட்டு. புரோரெஸ் ப்ராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி போன்ற எடிட்டிங் வடிவங்கள் பேங்க் பாஸ்புக் மாதிரி. ஒவ்வொரு வரியிலும் பாக்கித் தொகை முழுசாக இருக்கும், எந்த வரியில் விரல் வைத்தாலும் கூட்டாமல் விடை வரும். பதிலுக்கு இடத்தைத் தின்னும். ஆசையில் முதலில் 1080 அளவில் புரோரெஸ் ப்ராக்ஸி போட்டேன். 60 ஃப்ரேம் படத்துக்கு அது நொடிக்கு 90 மெகாபிட் பக்கம் வருகிறது, மணிக்கு 40 ஜிபி. ஒரிஜினலே மணிக்கு 45 ஜிபிதான்! ஏறுவதும் இறங்குவதும் சேர்த்து என்னிடம் இரண்டு மணி நேரப் படம். டிஸ்க் நிறைந்து பாதியில் நின்றது. ஆனால் உருவான வரைக்கும் அந்தக் கோப்புகள் வெண்ணெய் மாதிரி ஓடின. கிட்டத்தட்ட ஒரிஜினல் அளவே இருக்கும் கோப்பு ஓடுகிறது, ஒரிஜினல் ஓடவில்லை. பைல் பெரிசு, அதனால் லேக் என்று இனி யார் சொன்னாலும் இதைத்தான் காட்டுவேன்.

720க்கு இறக்கியதும் மணிக்கு 17, 18 ஜிபியில் அடங்கியது. சின்ன லேப்டாப் திரையில், அதுவும் கால் பங்கு ஜன்னலில் பார்க்கப்போகும் படத்துக்கு 720 தாராளம். ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தேன், விடிந்தபோது தயார். அவசரப்பட்டு வாங்கிய எஸ்எஸ்டி கடைசியில் இந்த ப்ராக்ஸிகளை வைக்கத்தான் பயன்பட்டது. முழு நஷ்டம் இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு.

வெட்டும் வேலை சுகமானது. ஆனால் வளைவுகளில் மட்டும் மெல்லிய ஓர் இடறல் பாக்கி இருந்தது. எக்ஸ்போர்ட் செய்து பார்த்தால் அதிலும் இருந்தது. இது வேறு நோய். பிரிவியூவில் மட்டும் திக்கினால் கம்ப்யூட்டரின் மூச்சுத் திணறல். எக்ஸ்போர்ட்டிலும் இருந்தால் டைம்லைன் அமைப்பைப் பார்க்க வேண்டும். நான் புது புராஜெக்ட் தொடங்கும்போது எதையும் பார்க்காமல் சரி கொடுத்துவிட்டேன். அது நொடிக்கு 24 ஃப்ரேம் என்று இருந்தது. 60ஐ 24ஆக்கினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை ஃப்ரேம் வரும். அரை ஃப்ரேமை எங்கே காட்டுவது? ஒரு தடவை இரண்டு தள்ளி எடுக்கும், அடுத்த தடவை மூன்று. நேர் ரோட்டில் கண்ணுக்குப் படாது. கொண்டை ஊசியில் மலையே பக்கவாட்டில் ஓடும்போது நன்றாகத் தெரியும். 60இல் எடுத்ததற்கு 30 அல்லது 60, 50இல் எடுத்ததற்கு 25 அல்லது 50, இப்படி மிச்சமில்லாமல் வகுபடுகிற எண்ணாக வைத்தால் போதும். ஃபுட்டேஜ் உள்ளே போன பிறகு நான் பயன்படுத்தும் மென்பொருள் புராஜெக்டின் இந்த எண்ணை மாற்ற விடவில்லை. புது புராஜெக்ட், 30, திரும்ப எல்லாம். முதலிலேயே பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

இன்னும் இரண்டு சில்லறைச் சங்கதி. ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனையும் இருட்டுப் படத்தின் பொடிப்புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் வெட்டி முடிக்கும் வரை அணைத்தே வையுங்கள். ப்ராக்ஸி போட்டிருந்தாலும் இவை இரண்டும் பிரிவியூவை உட்கார வைத்துவிடும். எனக்கு ஒரே ஓர் இடத்தில் நாய்ஸ் ரிடக்‌ஷன் தேவைப்பட்டது, இருட்டோடு கிளம்பிய முதல் பத்து நிமிடம். அந்தத் துண்டை மட்டும் ரெண்டர் செய்து, அதாவது முடிந்த படமாகவே எழுதி, வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று கரண்ட். நேற்று வரை ஓடிய டைம்லைன் ஒரு சாயங்காலம் திடீரென்று பழையபடி நொண்டியது. டிரைவர், ப்ராக்ஸி எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் குடைந்தேன். கரண்ட் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரிக்கு மாறினதும் அது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மெத்தை மேல் வைத்து அடிப்பக்கக் காற்றோட்டத்தை அடைத்தாலும் சூடேறி இதே கதைதான். இப்போது அடியில் இரண்டு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பதினொரு நிமிட வீடியோவாக முடித்து ஸ்டுடியோ அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பனிக்குள் சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்தார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“இந்த எடத்துல இன்னும் ஒரு குதி குதிக்குது பாருங்க.”

ஒரிஜினலை எடுத்துப் பார்த்தோம், அதிலும் குதித்தது. ப்ராக்ஸியிலும் குதித்தது. ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திக்கொண்டே போனால், இடது ஓரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு வால். குரங்கு குறுக்கே ஓடி, நான் பிரேக் பிடித்த இடம் அது.